கத்தரிப் பாறையில் நான் கத்தியது

ஜன்னல் ஓரம் நீங்களே உக்காருங்க சார். எனக்கு இந்த இடது கண்ணுல வெளிச்சம் தெரியும், ஆள் தெரியாது. மலையப் பாத்து நான் என்ன பண்ணப் போறேன்? பாத்தது போதும்.

கேக்கலாம் சார், அதுல ஒண்ணும் இல்ல. எல்லாரும் கேக்கறதுதான். ஆக்சிடென்ட்டான்னு கேப்பாங்க, ஆமான்னு சொல்லிட்டுப் போயிடுவேன். ஊட்டி போய்ச் சேர ரெண்டு மணி நேரம் ஆகும், நீங்களும் நல்லாக் கேக்கறவரு மாதிரி தெரியுது, அதனால சொல்றேன். அடிச்சது என் தங்கச்சி. கூடப் பொறந்த தங்கச்சி. துடுப்பால அடிச்சா. மூணு அடி. அவ புருஷன் உசுரப் பிடிச்சு நிறுத்தினவன் நானு. என்னை அடிச்சா. முழுசாக் கேட்டுட்டு நியாயம் யாரு பக்கம்னு நீங்களே சொல்லுங்க.

என் பேரு யோகராசன். கூடலூர்ல ஜீப் ஓட்டிட்டிருந்தேன். பன்னெண்டு வருஷத்துக்கு முந்தி மழைக்காலத்துல ரெண்டு வெள்ளக்காரனுங்க வந்தானுங்க. ஜீப் மேல நீட்டு நீட்டா பிளாஸ்டிக் படகைக் கட்டிக்கிட்டு, அந்த ஓடைக்குப் போ, இந்த ஓடைக்குப் போன்னானுங்க. கயாக்னு சொல்லுவாங்க. ஒத்த ஆள் உக்கார்ற படகு. இடுப்பச் சுத்தி ரப்பர்ல ஒரு பாவாடை மாதிரி மாட்டி, படகோட வாயை இறுக்கி மூடிக்கணும். தண்ணி உள்ள போகாது. கவுந்தா உள்ள இருந்தபடியே இடுப்பை ஒரு சொடுக்கு சொடுக்கி நிமிந்துக்கணும். நிமிர வரலன்னா பாவாடைய உருவிட்டு வெளிய வந்து நீந்தணும். அந்த மாதிரி ஓடையில நீந்தறதுன்னா என்னன்னு தெரியுமா சார்? மாடிப்படியில உருட்டிவிட்ட மாதிரி. படி எல்லாம் கருங்கல்லு.

அவனுங்க போகும்போது விரிசல் விட்ட ரெண்டு படகை எங்கிட்ட விட்டுட்டுப் போனானுங்க. கத்தியக் காய்ச்சி விரிசலை உருக்கி ஒட்டினேன். ஒண்ணு எனக்கு. இன்னொண்ணு ஜெயசீலனுக்கு. சீலன்னுதான் கூப்பிடுவோம். தேயிலை ஃபேக்டரியில பாய்லர் பாத்துட்டிருந்தான். பின்னாடி என் தங்கச்சி தவமணியைக் கட்டினான். தங்கச்சி புருஷனை அவருன்னு சொல்லணும், தெரியும். ஆனா மாப்பிள்ளை ஆகறதுக்கு முந்தியே கூட்டாளி, அதனால அவன்னு வாயில வந்துடும். தப்பா எடுத்துக்காதீங்க.

கத்துக்கொடுத்தது நானு. அதை எழுதி வச்சுக்குங்க. அணைத் தண்ணியில அவனைக் கவுத்துப்போட்டு நிமிரச் சொல்லிக் கொடுத்தது நானு. ரெண்டே வாரத்துல நிமிந்தான். எனக்கு எட்டு மாசம் ஆச்சு, அது வேற விஷயம், எனக்குச் சொல்லிக்கொடுக்க ஆள் இல்ல. மூணு வருஷத்துல எல்லாரும் அவனைத்தான் கேட்டாங்க. பெங்களூர்லேருந்து வர்றவன், புனேலேருந்து வர்றவன், எவனா இருந்தாலும் ஜீப்பை விட்டு இறங்கினதும், சீலன் எங்கேன்னுதான் கேப்பான். ஜீப் ஓட்டிட்டு வந்தவன் நானு. ஒரு தடவை பேப்பர்ல படம் போட்டாங்க. ஓடையில அருவி விழுற இடத்துல சீலன் படகோட அந்தரத்துல இருக்கான். அதுல ஓரத்துல ஒரு முழங்கை தெரியும் பாருங்க, அது என்னுது. கீழ எழுதியிருந்த பேருல சீலன் மட்டும்தான். எனக்கு ஒண்ணும் வருத்தமில்ல. சும்மா சொன்னேன்.

தவமணியும் கத்துக்கிட்டா. அவ படகு ஓட்டறதவிட கயிறு எறியறதுல கெட்டிக்காரி. ஒரு பைக்குள்ள கயித்தச் சுருட்டி வச்சிருப்போம், தண்ணியில போறவனைப் பாத்து எறியணும், அவன் பிடிச்சுக்கணும். இருபது மீட்டர்ல ஒரு தேங்காய் மேல விழற மாதிரி எறிவா. சின்ன வயசுலேருந்தே அவளுக்குக் குறி தப்பாது. எனக்குத் தெரியும். கண்ணுல வாங்கினவன் நான்தானே.

போன ஆடிக்கு முந்தி. நல்ல மழை. கரடிச்சோலை ஓடைன்னு ஒண்ணு இருக்கு, காட்டுக்குள்ள. ரெண்டு ஆள் கையை நீட்டினா அகலம் முடிஞ்சிடும். ஆனா இறக்கம் இருக்கே சார், தண்ணி ஓடாது, விழும். விழுந்து விழுந்துதான் போகும். அதுல மேலேருந்து கீழ வரைக்கும் அதுவரைக்கும் எவனும் படகுல இறங்கினதில்ல. கோவா பக்கத்துலேருந்து ஒரு பெரிய கூட்டம் மறு வாரம் வருது, அதுக்குள்ள நாம முதல்ல இறங்கிடணும்னு சொன்னது நானு. யோசனை என்னுது. அதையும் எழுதி வச்சுக்குங்க.

முந்தின நாள் மூணு பேரும் கரையோரமா நடந்து பாத்தோம். தண்ணி விழுற ஒவ்வொரு இறக்கத்துக்கும் ஒரு பேரு வச்சோம். கடைசியில இருந்தது ரொம்ப மோசம். நடுவுல ஒரு பாறை, தண்ணிய ரெண்டா வெட்டும். கத்தரிப் பாறைன்னு தவமணி பேரு வச்சா. இடது பக்கம் ஒடுக்கம், முட்டி உரசும். வலது பக்கம் நல்ல ஆழம், சுத்தமா இருந்துச்சு. வலதுன்னு முடிவு பண்ணிட்டோம். அதுக்குக் கீழ ஒரு மடு. அங்க தவமணி கயித்தோட நிக்கணும்.

அன்னிக்கு ராத்திரி எல்லாம் மழை கொட்டுச்சு. காலையில தண்ணி முழங்கால் உயரம் ஏறியிருந்துச்சு. தவமணி வேண்டாம்னா. "அண்ணே, ரெண்டு நாள் பொறுப்போம், எங்க போயிடப் போகுது ஓடை?"ன்னா. நான்தான் சொன்னேன், பயமா இருந்தா நீ ஜீப்புல உக்காந்துக்கன்னு. சீலன் சிரிச்சான். அவன் எப்பவும் அப்படித்தான். சிரிப்பான்.

நானும் சீலனும் படகுல இறங்கினோம், தவமணி கயித்தோட கரையோரமா வந்தா. முதல் மூணு இறக்கம் நல்லாத்தான் போச்சு. அந்தச் சத்தத்தைச் சொல்லணும் சார். இந்த பஸ்ஸு ஏறுற சத்தம் இருக்கே, இது மாதிரி நூறு பஸ்ஸு ஒரு குகைக்குள்ள ஏறினா எப்படி இருக்கும்? பக்கத்துல நிக்கறவன் வாய் அசையும், பேச்சு கேக்காது. நீங்க பேசறதே உங்களுக்குக் கேக்காது. அதனாலதான் துடுப்பால சைகை காட்டுவோம். துடுப்பை நட்டுக்குத்தலாத் தூக்கிப் பிடிச்சா, வா, முன்னாடி பேசின வழியிலயே வான்னு அர்த்தம். படுக்கையாத் தூக்கினா, நில்லு. ஒரு பக்கமாச் சாய்ச்சா, அந்தப் பக்கமா வா. சின்னப் பிள்ளைக்குப் புரியும்.

கத்தரிப் பாறைக்கு முந்தின இறக்கத்துல நான் கவுந்தேன். எல்லாரும் கவுறதுதான். தண்ணி என்னைப் பிடிச்சுத் திரும்பத் திரும்ப உள்ள இழுத்துச்சு. ஒரு தடவை சொடுக்கினேன், நிமிரல. ரெண்டு, மூணு தடவை. ஹெல்மெட் பாறையில டமார் டமார்னு இடிக்குது. பாவாடைய உருவிட்டு வெளிய வந்தேன். தண்ணி என்னை எடுத்துக் கல்லு மேல அடிச்சுது சார். துணிய அடிக்கற மாதிரி. முதுகு, முட்டி, இடுப்பு, முழங்கை. கரையில போய் ஒதுங்கி வாந்தி எடுத்தேன். பின்னாலயே சீலன் வந்தான். அதே இடத்துல, ஒரு துளி பிசகாம, வெண்ணெயில கத்தி இறங்கற மாதிரி இறங்கி வந்தான். வந்து, என் படகையும் பிடிச்சு இழுத்துக் கொண்டுவந்து கரையில போட்டான். காதுகிட்ட வாய வச்சுக் கேட்டான்.

"என்ன மச்சான், தலைக்குக் குளிச்சாச்சா?"

சிரிச்சான். தவமணியும் சிரிச்சா. அவ புருஷன் சொன்னா சிரிக்கத்தானே செய்வா.

கத்தரிப் பாறையில நான் இறங்கலன்னு சொல்லிட்டேன். தோள்பட்டை இழுத்துப் பிடிச்சிடுச்சு. பயம் இல்ல சார், தோள்பட்டை. சரி, நீ மேல பாறையில ஏறி நின்னு வழி காட்டுன்னாங்க. தவமணி கரையோரமா இறங்கிக் கீழ மடுவுக்குப் போயிட்டா. அங்கேருந்து அவளுக்கு என்னைத் தெரியும், ஆனா அந்த வலது பக்க வாய்க்கால் தெரியாது, நடுப்பாறை மறைச்சிடும். சீலன் மேல ஒரு தேக்கத்துல படகோட காத்துக்கிட்டிருந்தான். அவனுக்கு என் துடுப்பைத் தவிர வேற எதுவும் தெரியாது. ஆக, ரெண்டு பக்கமும் தெரியறவன் நான் ஒருத்தன்தான்.

நாலு கால்ல ஊர்ந்து மேல ஏறினேன். எட்டிப் பாத்தேன். வலது பக்கம் அடைச்சிருந்துச்சு. ராத்திரி வெள்ளத்துல ஒரு மூங்கில் புதரு வேரோட வந்து குறுக்க சிக்கியிருக்கு. தண்ணி அதுக்குள்ள பூந்து போகுது, ஆள் போகமுடியாது. சல்லடை மாதிரி. அதுல போய்ச் சிக்கினவனைத் தண்ணி பின்னாலேருந்து அமுக்கும், விடாது. எனக்குத் தெரியாதா சார்? பன்னெண்டு வருஷம்.

உடனே திரும்பினேன். சீலன் என்னையே பாத்துக்கிட்டிருந்தான். பல்லு தெரிஞ்சுது. இன்னும் சிரிச்சுக்கிட்டேதான் இருந்தான். ஒரு நிமிஷம், ஒரு நிமிஷம் கூட இருக்காது, நான் அவனைப் பாத்தேன், அவன் என்னைப் பாத்தான். தேக்கத்துல படகு ஆடாம நிக்குது. தோட்டத்துத் தொட்டியில உக்காந்திருக்கறவன் மாதிரி உக்காந்திருக்கான்.

துடுப்பைத் தூக்கினேன். இடது பக்கம் சாய்க்கணும்னுதான் தூக்கினேன். தோள்பட்டை இழுத்துக்கிச்சு. சாயல. நேரா நின்னுடுச்சு. அதுக்காகத்தான் கத்தினேன். இடதுல வா, இடதுல வான்னு கத்தினேன். தொண்டை கிழியக் கத்தினேன் சார்.

அவன் வலதுலயே வந்தான்.

படகு மூக்கு மூங்கிலுக்குள்ள போச்சு. நின்னுடுச்சு. பின்னால தண்ணி ஏறிச்சு. படகு அப்படியே மடங்குச்சு சார், நடுவுல, அட்டைப்பெட்டிய மிதிச்சா மடங்குமே அப்படி. அவன் கால் உள்ள. தலை ஒரு தடவை வெளிய வந்துச்சு, வாய் தொறந்திருந்துச்சு. அப்புறம் வரல. ஒரு கை மட்டும் வெளிய நின்னுச்சு. விரல் அசைஞ்சுது. எதையோ தேடற மாதிரி அசைஞ்சுது.

தவமணிக்கு அவன் மடுவுக்கு வரலன்னதும் புரிஞ்சுபோச்சு. அந்த வழுக்குப் பாறையில எப்படி ஏறினாளோ. எங்கிட்ட வந்து கயித்தை என் இடுப்புல ஒரு சுத்து சுத்தினா, மறு முனையைத் தன் லைஃப் ஜாக்கெட்டுல மாட்டினா, பிடிடான்னா. அண்ணனை டா போட்டது அப்பதான் முதல் தடவை. குதிச்சுட்டா.

நான் பிடிச்சேன். இங்க பாருங்க உள்ளங்கையை. இது கயிறு அறுத்தது. தண்ணி அவளையும் சேத்து இழுக்குது, நான் ரெண்டு கையாலயும் பிடிச்சு, பாறை இடுக்குல காலை ஊனி, விடல. தோல் உரிஞ்சு ரத்தம் கயித்துல ஓடுது, விடல. அதை யாராவது பேசறாங்களா? பேசமாட்டாங்க. லைஃப் ஜாக்கெட்டுல எப்பவும் சொருகியிருக்கற கத்தியால அவ மூங்கிலை அறுத்தா. தண்ணிக்குள்ள தலை போகும், வரும், மறுபடி அறுப்பா. அறுத்த மூங்கில் பாஞ்சு வந்து அவ கன்னத்தைக் கிழிச்சுது. அவ கவனிக்கவே இல்ல. கடைசி மூங்கில் விட்டதும் படகும் அவனும் அவளும் எல்லாம் ஒண்ணா மடுவுக்குள்ள விழுந்தாங்க. நான் கீழ இறங்கி இழுத்துக் கரையில போட்டேன்.

உதடு நீலம். மூச்சு இல்ல. அவ அவன் மூக்கைப் பிடிச்சு வாயில ஊதினா. நெஞ்சுல ஏறி அமுக்கினா. மடு ஓரம் ஓடைச் சத்தம் அவ்வளவா இல்ல, விலா எலும்பு ஒடியற சத்தம் எனக்குக் கேட்டுச்சு. அமுக்கினா, ஊதினா, அமுக்கினா. "வாங்க, வாங்க, வந்துடுங்க"ன்னு அவன் கன்னத்துல அறைஞ்சா. எவ்வளவு நேரம்னு தெரியாது. ஒரு இழுப்பு இழுத்தான். தண்ணியும் ரத்தமுமாக் கக்கினான். கண்ணு தொறந்துச்சு. கால் பக்கம் நான் பாத்தேன். வலது கால் முழங்காலுக்குக் கீழ ரெண்டு இடத்துல வேற வேற பக்கம் திரும்பியிருந்துச்சு. எலும்பு வெளிய.

நான் என்ன நினைச்சேன் தெரியுமா? தவமணி என்னைக் கட்டிப்பிடிச்சு அழுவான்னு நினைச்சேன். நல்லவேளை அண்ணே நீ இருந்தேன்னு சொல்லுவான்னு நினைச்சேன்.

அவ எந்திரிச்சா. பாறை மேலேருந்து உருண்டு வந்து கரையில கிடந்த துடுப்பை எடுத்தா. என்னோடதுதான் அது. முதல் அடி இந்தக் கண்ணுல. ரெண்டாவது கழுத்துல. நான் விழுந்துட்டேன். மூணாவது முதுகுல, அதுல துடுப்பு முறிஞ்சுது. முறிஞ்ச துண்டை வச்சுக்கிட்டு மேல நின்னா. கன்னம் கிழிஞ்சு ரத்தம் வழியுது. காளி மாதிரின்னு சொல்லமாட்டேன், என் தங்கச்சி மாதிரியேதான் இருந்தா, அதுதான் பயமா இருந்துச்சு.

"நேராத் தூக்கினியேடா! நான் கீழேருந்து பாத்தேன், நேராத் தூக்கினே!"

"தோள்பட்டை தவம்... சாய்க்க முடியல. கத்தினேன். இடதுன்னு கத்தினேன்."

"கத்தினியா? காதுல மெழுகு வச்சு அடைச்சிருக்கிற மனுஷன்கிட்ட கத்தினியா? சீழ் வர்ற காதுன்னு தண்ணியில இறங்கும்போதெல்லாம் அடைச்சுக்குவாருன்னு உனக்குத் தெரியாது? இன்னிக்குக் காலையில அந்த டப்பாவை யாருடா எடுத்துக் கொடுத்தது?"

கொடுத்தது நான்தான். இல்லன்னு சொல்லல. ஜீப்புல முன்னாடி இருந்துச்சு, கேட்டான், எடுத்துக் கொடுத்தேன். அதுக்காக? அந்த நேரத்துல அதெல்லாம் ஞாபகம் வருமா சார்? ஒரு மனுஷன் ஆபத்துல போறான்னா கத்தத்தான் தோணும். மெழுகு இருக்கா பஞ்சு இருக்கான்னா யோசிப்போம்?

அதுக்கப்புறமும் அவனைத் தூக்கிட்டு வந்தது யாரு? ரெண்டு மூங்கில்ல லைஃப் ஜாக்கெட்டைக் கோத்து, அதுல அவனைக் கட்டி, முன்னாடி நான், பின்னாடி அவ. மூணு கிலோமீட்டர் காட்டுவழி. என் தோள் மேலதான் வந்தான். ஒவ்வொரு குலுக்கலுக்கும் அலறினான். இடது கண்ணு வீங்கி மூடிடுச்சு, ஒத்தக் கண்ணோட ஜீப் ஓட்டினேன். அவ பின்னாடி அவன் தலையை மடியில வச்சுக்கிட்டு உக்காந்திருந்தா. கண்ணாடியில பாத்தேன். அவ என்னைப் பாக்கவே இல்ல. இந்த நாலு மாசமா ஒரு வார்த்தை இல்ல சார். எதிர்ல வந்தா ரோட்டுக்கு அந்தப் பக்கம் போயிடறா. அதான் மேட்டுப்பாளையத்துல ஒருத்தர்கிட்ட லாரி வேலைக்குப் போறேன். ஒரு கண்ணுக்கு லைசென்ஸ் பிரச்சனை வரும், பாத்துக்கலாம்னாரு.

காலை எடுத்துட்டாங்க. முழங்காலுக்குக் கீழ. சீழ் பிடிச்சிடுச்சுன்னாங்க. மூணாம் நாள் நான் பாக்கப் போனேன். அடிபட்ட கேஸுன்னா போலீஸ் வந்து எழுதுவாங்க இல்லையா, அப்ப ஒரு ஏட்டு உக்காந்து கேட்டு எழுதிட்டிருந்தாரு. தவமணி கட்டில் பக்கத்துல. என்னைப் பாத்ததும் ஏட்டுகிட்ட விரலை நீட்டிக் காட்டினா. "இந்த ஆளுதான் சார்"னா. அண்ணன்னு சொல்லல. இந்த ஆளு.

ஏட்டு சீலனைக் கேட்டாரு. "என்னப்பா, உன் மச்சான் தப்பான சைகை காட்டினதாச் சொல்றாங்க உன் சம்சாரம். நீ என்ன சொல்றே?"

சீலன் மேல சுத்துற காத்தாடியப் பாத்துக்கிட்டிருந்தான். அங்கயே பாத்தபடி தெளிவாச் சொன்னான்.

"அவன் கத்தினான் சார். இடது பக்கம் வான்னு கத்தினான். எனக்கு நல்லாக் கேட்டுச்சு. நான்தான் மிதப்புல வலது பக்கம் போயிட்டேன். யார் மேலயும் தப்பில்ல."

கேட்டுச்சுன்னு சொன்னான் சார். அவன் வாயாலயே. ஏட்டு எழுதிக்கிட்டாரு. இடது கட்டைவிரல்ல மை தடவி ரேகை வாங்கிக்கிட்டாரு, வலது கையில ஊசி ஏறிட்டிருந்துச்சு. தவமணி எந்திரிச்சு, சீலன் முகத்தைப் பாத்துட்டு வெளிய போயிட்டா. என்ன பேசுவா? புருஷனே சொல்லிட்டான்.

கட்டில்கிட்ட போய் அவன் கையப் பிடிச்சுக்கிட்டேன். "உண்மையச் சொன்னே மச்சான், பெரிய மனசு உனக்கு"ன்னேன்.

கைய இழுத்துக்கல. அப்படியே வச்சிருந்தான். மெல்ல, சண்டைக்காரன் மாதிரி இல்ல, ரொம்ப சாதாரணமாக் கேட்டான்.

"யோகா, கத்தினியா?"

"கத்தினேன்டா. நீதான் கேட்டுச்சுன்னு சொன்னியே."

"அது ஏட்டுக்குச் சொன்னது. தவத்துக்கு இனி பொறந்த வீடுன்னு இருக்கறது நீ ஒருத்தன்தான். நீ ஜெயிலுக்குப் போனா அவளுக்கு யாரு? அதை விடு. எனக்கு மட்டும் சொல்லு. என்னன்னு கத்தினே?"

"இடதுல வான்னு."

"சரி. இப்பக் கத்து."

"என்னடா?"

"அன்னிக்கு எப்படிக் கத்தினியோ அப்படியே ஒரு தடவை கத்து. காதுல ஒண்ணும் வைக்கல. எனக்குக் கேக்கணும்."

விளையாடறான்னு நினைச்சேன். சிரிக்கல. பாத்துக்கிட்டே இருந்தான். அவன் சிரிக்காம நான் பாத்ததே இல்ல சார்.

நான் கட்டில் கம்பியப் பிடிச்சுக்கிட்டு வாயத் தொறந்தேன். மூச்சு எல்லாம் இழுத்தேன். தொறந்த வாய் தொறந்தபடி நின்னேன். எவ்வளவு நேரம் நின்னேன்னு தெரியல. அவன் காத்துக்கிட்டிருந்தான். அப்புறம் முகத்தைச் செவுத்துப் பக்கம் திருப்பிக்கிட்டான்.

ஆஸ்பத்திரி பாருங்க. பக்கத்துக் கட்டில்ல ஒரு பெரியவரு அப்பதான் கண்ணசந்திருந்தாரு. நர்ஸம்மா வேற அங்கயே நிக்கறாங்க. அந்த இடத்துல போய் எப்படி சார் கத்தறது, சொல்லுங்க?